உங்களுக்குத் தெரியுமா? கூச்சப்படும் கேள்விக்கு ஒரு காது

அம்மாவிடம் கேட்டால் திட்டு விழும். டீச்சரிடம் கேட்கக் கூச்சம். தோழிக்கும் தெரியாது. பதின்வயதுப் பிள்ளைகளின் இப்படிப்பட்ட கேள்விகளுக்குச் செயற்கை நுண்ணறிவு இப்போது காது கொடுக்கிறது. ஹனூர் மாதிரி ஓர் ஊருக்கு அது எப்படிக் கைகொடுக்கும்? எங்கே சறுக்கும்?

❖ மூன்று மொழிப் பிள்ளை
மாதேசுவரன் மலைக்குப் போகும் பாதையில் உள்ள ஹனூர், இன்று சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. 1997-க்கு முன் இது மைசூரு மாவட்டம். 1956 நவம்பர் 1 வரையோ, ஹனூரை உள்ளடக்கிய கொள்ளேகால் வட்டமே சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மார்ட்டள்ளி போன்ற ஊர்களில் இன்றும் தமிழ்தான் வீட்டு மொழி. அங்கே ஒரு பிள்ளைக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், கைப்பேசித் திரையில் ஆங்கிலம். உடம்பைப் பற்றிப் பயம் வந்தால் எந்த மொழியில் கேட்பது? பிள்ளைகளுக்கென்று செயலி செய்பவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

❖ பெயரிலேயே சிநேகம்
10 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்காகவே மத்திய அரசு 2014 ஜனவரி 7 அன்று ஒரு தேசியத் திட்டம் தொடங்கியது. பெயர்: ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்த்ய காரியக்ரம். அப்போது நாட்டில் இந்த வயதினர் ஏறத்தாழ 25 கோடிப் பேர். அரசு மருத்துவமனைகளில் இவர்களுக்கென்று தனி ஆலோசனை மையங்கள் உண்டு. கர்நாடகத்தில் அவற்றுக்கு ‘ஸ்நேஹா கிளினிக்’ என்று பெயர். மையம் இருப்பது ஒன்று. கூச்சத்தைத் தாண்டி அதன் வாசலை மிதிப்பது வேறொன்று.

❖ நீல மாத்திரையின் இரகசியம்
பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் நீல நிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. நாட்டில் 15–19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கும் அதே வயது ஆண்களில் 31 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அப்படியிருந்தும் மாத்திரை சன்னல் வழியாகப் போவதுண்டு. அதைச் சாப்பிட்ட மறுநாள் மலம் கறுத்துப் போகும், பிள்ளை மிரண்டுவிடும், யாரிடமும் சொல்லாது. இரும்புச்சத்து அப்படித்தான் செய்யும், பயப்பட ஒன்றுமில்லை. வெறும் வயிற்றில் போடக் கூடாது, போட்ட கையோடு டீ குடிக்கக் கூடாது. இந்த மூன்று வரியைச் சொல்ல ஆள் இல்லாததால்தான் மாத்திரை வீணாகிறது. கைப்பேசி உரையாடி, அதாவது சாட்பாட், மிக எளிதாகச் செய்துவிடக்கூடிய வேலை இது.

❖ தொடரிலிருந்து இறங்கி வந்த டாக்டர்
2014-இல் தூர்தர்ஷனில் தொடங்கிய ‘மை குச் பீ கர் சக்தீ ஹூன்’ தொடரின் நாயகி, மும்பை வேலையை விட்டுவிட்டுக் கிராமத்துக்குத் திரும்பும் டாக்டர் ஸ்நேஹா. தொடரைத் தயாரித்த பாப்புலேஷன் ஃபவுண்டேஷன் ஆஃப் இந்தியா, அந்தப் பாத்திரத்தையே ‘ஸ்நேஹ்ஏஐ’ என்ற உரையாடியாக்கியது. இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசும் அதனுடன் ஐந்தே மாதத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசினார்கள். பரிமாறிய செய்திகள் 80 இலட்சத்துக்கும் மேல். பயனர்கள் அனுப்பியவற்றில் ஏறத்தாழப் பாதி, வெளியே யாரிடமும் கேட்க முடியாத அந்தரங்கக் கேள்விகள். நம் பிள்ளைகள் எவ்வளவு நாளாக எவ்வளவு கேள்விகளை உள்ளேயே வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

❖ இயந்திரம் என்றால் வாய் திறக்கும்
அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசஃப் வைசன்பாம் 1966-இல் வெளியிட்ட ‘எலைசா’தான் உலகின் முதல் உரையாடி. நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்பது தவிர அதற்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனாலும் அதனுடன் பேச உட்கார்ந்த அவருடைய செயலாளர், கொஞ்சம் வெளியே இருங்கள் என்று அவரையே அனுப்பிவிட்டார். 2014-இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஓர் ஆய்வும் இதையே காட்டியது. எதிரே திரையில் பேசுவது வெறும் கணினி என்று நம்பியவர்கள் கூடுதலாக மனம் திறந்தார்கள். பின்னால் ஒரு மனிதர் இயக்குகிறார் என்று நினைத்தவர்கள் அடக்கி வாசித்தார்கள்.

❖ ‘வீட்டுக்குத் தூரம்’
நம் ஊரில் ஒரு பெண் “வீட்டுக்குத் தூரம்” என்றால் மாதவிலக்கு என்று எல்லாருக்கும் புரியும். கன்னடத்தில் “ஹொரகாகித்தாளெ” என்பார்கள், ‘வெளியே ஆகியிருக்கிறாள்’ என்று. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கும் இயந்திரம், அந்தப் பெண் ஊரைவிட்டு எங்கோ போயிருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் குழுவும் மத்திய அரசின் பாஷிணி திட்டமும் இந்திய மொழிகளை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்து வருகின்றன. அந்தப் பாடத்தில் நம் பாட்டிமார் சொல்லும் மறைமொழியும் ஏற வேண்டும்.

❖ பாதியில் நிற்பவரைக் கண்டுபிடிக்கும் கணக்கு
சுகாதாரத் திட்டங்களைத் தொடங்கிவைப்பது எளிது. ஆட்களைக் கடைசிவரை பிடித்து வைப்பதுதான் பாடு. மும்பையைச் சேர்ந்த ‘அர்மான்’ அமைப்பு கர்ப்பிணிகளுக்கும் இளந்தாய்மார்களுக்கும் வாராவாரம் குரல்வழித் தகவல் அனுப்புகிறது. யார் கேட்பதை நிறுத்திவிடுவார்கள் என்று ஏ.ஐ. முன்கூட்டியே கணித்துச் சொல்ல, அவர்களைத் தேடி ஊழியர்கள் பேசினார்கள். 23,000 பேரிடம் நடந்த சோதனையில், கேட்பது குறைந்துபோகும் போக்கு ஏறக்குறைய 30 விழுக்காடு தணிந்தது. கணித்தது இயந்திரம், தடுத்தது ஒரு மனிதக் குரல். பள்ளிப் பிள்ளைகளுக்கும் இந்த வழி பொருந்தும்.

❖ விளையாட்டாக ஒரு தீர்வு
கோவாவின் ‘சங்கத்’ அமைப்பு பள்ளி மாணவர்களுக்காக ‘பாட் அட்வென்ச்சர்ஸ்’ என்ற கைப்பேசி விளையாட்டை உருவாக்கியது. பிரச்சினை என்ன, என்னென்ன வழி இருக்கிறது, ஒன்றைச் செய்து பார் என்று மூன்றே படி. இதில் ஏ.ஐ. கிடையாது. பக்கத்தில் பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகர் இருப்பார். பிள்ளைகளை ஈர்க்கப் பெரிய தொழில்நுட்பம்தான் வேண்டும் என்பதில்லை.

❖ அந்த ஒரு வரியைத் தவறவிடக் கூடாது
“செத்துப்போகலாம்னு இருக்கு” என்று எழுதினால், நன்றாக வடிவமைத்த உரையாடி மற்ற பேச்சை நிறுத்திவிட்டு உடனே உதவி எண்ணைக் காட்டும். “எல்லாம் போதும்” என்று மட்டும் எழுதினால்? அங்கேதான் இயந்திரம் கோட்டைவிடும். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை மனப்பாடம் செய்துவையுங்கள். 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய இலவசச் சேவை, இரவுபகல் எந்நேரமும் உண்டு. தமிழ், கன்னடம் உட்பட 20 மொழிகளில் மனிதர்களே பேசுவார்கள். இதன் தலைமை மையம் பெங்களூரு நிம்ஹான்ஸ். தமிழ்நாட்டில் இதற்கு ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயர். இலங்கையில் அழைக்க வேண்டிய எண் 1926.

❖ யாருடைய கைப்பேசி?
2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 15–49 வயதுப் பெண்களில் தங்களுக்கென்று கைப்பேசி வைத்திருந்தவர்கள் 54 விழுக்காடுதான். மற்றவர்கள் அப்பாவுடையதையோ அண்ணனுடையதையோ வாங்கித்தான் பார்க்க வேண்டும். கேள்வியைத் தட்டச்சு செய்து, பதிலைப் படித்து, அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் எல்லாரும் குழந்தைகளே. அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதற்கும், குறிவைத்து விளம்பரம் காட்டுவதற்கும் அந்தச் சட்டத்தில் தடை உண்டு. பிள்ளையிடம் பெயர், பள்ளி, புகைப்படம் கேட்கும் செயலியைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

❖ நாம் செய்யக்கூடியது
உரையாடி சொன்ன மருந்தைப் பிள்ளைகள் தாங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. அதன் பதிலோடு ஊர்ச் சுகாதாரப் பணியாளரான ஆஷா அக்காவிடமோ ஸ்நேஹா கிளினிக்கிலோ போய்க் கேட்கட்டும். பெரியவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை நீல மாத்திரை தரும் நாளில், “மலம் கறுப்பாப் போகும், பயப்படாதே கண்ணு” என்று நீங்களே முதலில் சொல்லிப் பாருங்கள். அடுத்த கேள்வியோடு அந்தப் பிள்ளை உங்களிடம்தான் வரும்.