டோக்கியோவா, மலைக் கிராமமா?

‘நகரத்தைக் காலி செய்துவிட்டுக் கிராமத்துக்குப் போங்கள். போனால் பணம் தருகிறோம்!’ என்று ஓர் அரசாங்கமே கூப்பிட்டால் எப்படி இருக்கும், நண்பர்களே? ஜப்பானில் இது நிஜமாகவே நடந்தது.

டோக்கியோவின் மையப் பகுதியில் 23 வார்டுகள் உண்டு. அங்கே மட்டும் 90 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழ்கிறார்கள். கிராமங்களின் கதையோ தலைகீழ்! படிப்புக்கும் வேலைக்கும் இளைஞர்கள் கிளம்பிவிட, தாத்தா பாட்டிகள்தான் மிச்சம். 2002 முதல் 2020 வரை 8 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் மூடப்பட்டன. காரணம், படிக்கக் குழந்தைகள் இல்லை.

பொம்மைகள் ‘படிக்கும்’ பள்ளி

ஷிகோகு தீவின் மலைகளுக்கு நடுவே நகோரோ என்றொரு குட்டிக் கிராமம் இருக்கிறது. 2012-ல் கடைசி இரண்டு மாணவர்களும் படித்து முடித்தார்கள். பள்ளிக்குப் பூட்டு!

இந்த ஊரில் பிறந்து, ஒசாகா நகரில் வாழ்ந்தவர் சுகிமி அயானோ. வயதான அப்பாவைக் கவனிக்கக் கிராமத்துக்கே திரும்பி வந்தார். விதைகளைப் பறவைகள் கொத்தித் தின்றதால், அப்பாவைப் போலவே ஒரு சோளக்கொல்லைப் பொம்மை செய்து தோட்டத்தில் நிறுத்தினார். பிறகு, ஊரை விட்டுப் போனவர்கள், இறந்துபோனவர்கள் நினைவாகவும் பொம்மைகள் செய்தார். அந்தப் பள்ளியின் வகுப்பறையிலும் பொம்மைகள்தான் உட்கார்ந்திருக்கின்றன.

ஒரு குழந்தைக்கு 10 லட்சம் யென்

கிராமங்களுக்கு மறுபடி உயிர் கொடுக்க, டோக்கியோவை விட்டு வெளியேறும் குடும்பங்களுக்கு அரசு உதவித்தொகை அறிவித்தது. 2023 ஏப்ரலில் ஒரு குழந்தைக்கு 3 லட்சம் யென் என்பது 10 லட்சம் யென்னாக உயர்ந்தது. அன்றைய மதிப்பில் சுமார் 6 லட்சம் ரூபாய்! குடும்பத்துக்கு இன்னொரு 10 லட்சம் யென் வரை தனியாக உண்டு.

உடனே மூட்டை கட்டிவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள்! போன ஊரில் 5 வருடம் இருக்க வேண்டும். 3 வருடத்துக்குள் கிளம்பினால் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும்.

பெரியவர்களுக்கு 5 வருடம் சீக்கிரம் ஓடிவிடும். ஆனால், 9 வயதில் கிராமத்துக்குப் போகும் சிறுமிக்கு? திரும்பும்போது அவளுக்கு வயது 14! பள்ளிப் பருவத்தில் கிட்டத்தட்டப் பாதி அங்கேயே முடிந்திருக்கும்.

வீட்டில் ஆளுக்கொரு கணக்கு

அந்தச் சிறுமி நீங்கள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்தில் பெரிய வீடு, முற்றம், காய்கறித் தோட்டம் எல்லாம் கிடைக்கும். பள்ளியில் மாணவர்கள் மிகக் குறைவாக இருந்தால், இரண்டு வகுப்புகள் ஒரே அறையில் நடக்கும். ஆசிரியர் உங்கள் ஒவ்வொருவரையும் நன்றாகக் கவனிப்பார். ஆனால், உங்கள் வயதில் விளையாட ஒரு தோழிகூட இல்லாமலும் போகலாம். கரடி நடமாடும் பகுதி என்றால், புத்தகப் பையில் மணி கட்டிக்கொண்டுதான் பள்ளிக்கு நடக்க வேண்டும். சத்தம் கேட்டுக் கரடி விலகிப் போகுமாம்!

9-ஆம் வகுப்பு படிக்கும் அண்ணனுக்கு உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு வரும். அந்தப் பள்ளி எத்தனை மணி நேரப் பயணத்தில் இருக்கிறது? அம்மாவால் வீட்டிலிருந்தே அலுவலக வேலையைச் செய்ய முடியுமா? அப்பாவுக்கு அங்கே வேலை கிடைக்குமா? பாட்டிக்கு நள்ளிரவில் நெஞ்சு வலித்தால், பனி மூடிய சாலையில் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது?

ஒரே வீடுதான். ஆனால், லாபமும் நஷ்டமும் ஆளுக்கு ஆள் வேறு! நகரம் உசத்தியா, கிராமம் உசத்தியா என்று பட்டிமன்றம் நடத்தினால் இதற்கு விடை கிடைக்காது.

முதலில் வெள்ளோட்டம்!

அவசரப்பட வேண்டாம் என்று ஜப்பானில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பல ஊர்களில் ‘சோதனை வீடுகள்’ உண்டு. சில நாட்கள் அங்கே தங்கி, குளிரையும் கடைத்தெருவையும் அக்கம்பக்கத்தாரையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

குழந்தைகளுக்கும் வெள்ளோட்டம் உண்டு. நாகானோ மாநிலத்தின் யசாகா கிராமத்தில் 1976-ல் ‘மலைக் கிராமப் படிப்பு’ தொடங்கியது. நகரத்துப் பிள்ளைகள் ஒரு வருடம் கிராமத்தில் தங்கி, உள்ளூர்ப் பள்ளியிலேயே படிப்பார்கள். இந்த முறை பிறகு வேறு பல கிராமங்களுக்கும் பரவியது. பிள்ளைகள் வந்தால் பள்ளியும் பிழைக்குமே!

உங்கள் வீட்டிலும் ஒருநாள், ‘ஊர் மாறலாமா?’ என்ற பேச்சு வரலாம். அப்போது ஒரு தாளை எடுங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பெயரையும் எழுதுங்கள். பெயருக்கு நேராக ‘கிடைப்பது’, ‘இழப்பது’ என்று இரண்டு கட்டம் போடுங்கள். அவரவர் கட்டத்தை அவரவரே நிரப்பட்டும். பாட்டியின் கட்டத்தை அப்பா நிரப்பக் கூடாது. உங்கள் கட்டத்தை நீங்கள்தான் நிரப்ப வேண்டும்!

நிரப்பியதும் எல்லாரும் உட்கார்ந்து சத்தமாகப் படியுங்கள். முடிவைப் பெரியவர்கள்தான் எடுப்பார்கள். ஆனால், உங்கள் கட்டத்தையும் படித்துவிட்டு எடுக்கட்டும்!