பழைய புல்லட் எப்போது திணறுகிறது?

பழைய புல்லட் மிஸ் அடித்தால் பெரும்பாலானோர் முதலில் கைவைப்பது கார்புரேட்டரில்தான். அது அவசரம் என்பது என் எண்ணம். கழற்றிப் போட்ட பிறகு கோளாறு எந்த நிலையில் வந்தது என்று பார்க்க வழியில்லாமல் போகிறது. ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: எப்போது மிஸ் அடிக்கிறது? உதைத்ததுமா, கால் மணி நேரம் ஓடிச் சூடேறிய பிறகா, சிக்னலில் நிற்கும்போதா, மேம்பாலம் ஏறும்போதா? ஒவ்வொன்றும் எஞ்சினின் வேறொரு மூலையைக் காட்டும்.

நான் சொல்வது வார்ப்பிரும்பு சிலிண்டரும் பாயிண்டும் கொண்ட பழைய 350. இங்கிலாந்தின் ரெடிட்ச் ஊரில் உருவான எஞ்சின். 1950களின் தொடக்கத்தில் நம் ராணுவம் 800 புல்லட்களுக்கு ஆர்டர் கொடுத்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் அந்த எஞ்சினை உருவாக்கிய ஆங்கிலக் கம்பெனியுடன் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூர் ஆலையிலிருந்து வந்த அந்த எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர், மொத்தம் 346 சிசி. கம்ப்யூட்டரோ சென்சாரோ கிடையாது. அதனால் இதன் கோளாறுகளில் பெரும்பாலானவை வீட்டு வாசலில் வைத்தே கண்ணுக்கும் காதுக்கும் பிடிபடும்.

முதலில் தீப்பொறி. பேட்டரியில் இருப்பது வெறும் 6 அல்லது 12 வோல்ட். பிளக்கின் அரை மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். இதைச் சாத்தியமாக்குவது 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த விதி: கம்பிச்சுருளைச் சுற்றியுள்ள காந்தப்புலம் மாறினால் அந்தச் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும், எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு அதிகம் பிறக்கும். பாயிண்ட் என்ற சிறு ஸ்விட்ச் மூடியிருக்கும்போது காயிலின் முதல் சுற்றில் கரண்ட் பாய்ந்து காந்தப்புலம் கட்டப்படுகிறது. கேம் வந்து பாயிண்டைத் திறந்ததும் கரண்ட் அறுந்து, புலம் சரிகிறது. அந்தச் சரிவில் முதல் சுற்றிலேயே சில நூறு வோல்ட் எழும். அதைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுற்றிலோ 10,000 வோல்ட்டுக்கு மேல். ஆக, பொறி பிறப்பது கரண்ட் பாயும் நேரத்தில் இல்லை, நிற்கும் கணத்தில்.

ஆனால் ஓடும் கரண்ட் சட்டென்று நிற்காது. திறக்கும் பாயிண்டின் இடுக்கைத் தாவி ஓடப் பார்க்கும். அப்படி ஓடினால் புலம் மெல்லத்தான் சரியும், வோல்ட் ஏறாது. அங்கேதான் கண்டென்சருக்கு வேலை. மடையை அடைத்ததும் வரும் தண்ணீர் கரையை உடைக்காமல் பக்கத்துக் குட்டையில் ஒதுங்குவதுபோல, அந்தக் கரண்ட் கண்டென்சரில் ஒதுங்கிக்கொள்கிறது. விரல் நீளம்கூட இல்லாத இந்தச் சாமான் சூட்டில் பழுதாவது சகஜம். ஆறியிருக்கும்போது நன்றாக ஓடி, கால் மணி நேரம் கழித்துத் திணறி, நிறுத்தி ஆறவைத்தால் மறுபடி ஓடும் வண்டியில் எனக்கு முதல் சந்தேகம் கண்டென்சர் மேல்தான். பொழுது சாய்ந்ததும் பாயிண்ட் மூடியைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். பாயிண்டில் லேசான மினுக்கல் இருக்கலாம். பளிச்சென்று பெரிய பொறி தெறித்தால் கண்டென்சரை மாற்ற வேண்டியதுதான். இந்தச் சோதனையைத் திறந்த வெளியில் செய்யுங்கள், மூடிய ஷெட்டில் வேண்டாம். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது.

இன்னொரு புதிர் உண்டு. பிளக்கைக் கழற்றி, அதன் இரும்பு உடலை சிலிண்டர் ஹெட்டில் படும்படி வைத்து, பிளக் துவாரத்திலிருந்து தள்ளியே பிடித்து, கிக்கரை உதைத்துப் பார்ப்போம். பொறி நன்றாகவே விழும். திரும்ப மாட்டி மேம்பாலம் ஏறினால் மிஸ் அடிக்கும். இதற்கான பதில் 1889இல் ஜெர்மானியரான ஃப்ரீட்ரிஷ் பாஷென் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. பொறி தாண்டத் தேவைப்படும் வோல்ட், இடைவெளியையும் அங்குள்ள காற்றின் அழுத்தத்தையும் பெருக்கி வரும் அளவைப் பொறுத்தது. வெளிக்காற்றில் அரை மில்லிமீட்டரைத் தாண்ட 2,000 முதல் 3,000 வோல்ட் போதும். சிலிண்டருக்குள் பிஸ்டன் நெருக்கிய காற்றில் அதுபோல் பல மடங்கு வேண்டும். நின்ற நிலையில் ஓடும்போது த்ராட்டில் மூடியிருப்பதால் உள்ளே புகும் காற்றே கொஞ்சம், அழுத்தமும் குறைவு. ஏற்றத்தில் முறுக்கினால் சிலிண்டர் நிறைகிறது; நலிந்த காயிலும் தேய்ந்த பிளக்கும் அங்கேதான் தோற்கின்றன. வெளியில் விழும் பொறியை மட்டும் பார்த்து பிளக் நல்லது என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

அடுத்து டைமிங். 3,000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு பாகை திரும்ப ஆகும் நேரம் ஒரு விநாடியில் பதினெட்டாயிரத்தில் ஒரு பங்கு. பெட்ரோல் கலவையில் தீ பரவி முடிக்கவோ சில மில்லி விநாடிகள் வேண்டும். எனவே பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன்பே கொளுத்தியாக வேண்டும். இந்த எஞ்சினில் நின்ற நிலைக்கான அளவு, பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் கீழே இருக்கும்போது. வேகம் ஏற ஏற, சுழலும் சிறு எடைகள் விரிந்து அந்தக் கணத்தை இன்னும் முன்னால் தள்ளும்.

இந்த டைமிங்கைக் கலைப்பது பெரும்பாலும் பாயிண்டில் கேமின் மேல் உரசும் சிறு ஃபைபர் கட்டை. அது தேயத் தேய பாயிண்டின் இடைவெளி குறையும், இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் பின்தங்கும். எஞ்சின் சூடாகும், இழுக்காது. அதனால் முதலில் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்து, பிறகுதான் டைமிங்கைத் தொட வேண்டும். வரிசை மாறினால் இரண்டும் கெடும். பாயிண்ட் திறக்கும் கணத்தைக் காட்டும் கருவி ஹெட்லைட்டின் மேலேயே இருக்கிறது. சாவியைத் திறந்து எஞ்சினை மெல்லச் சுழற்றுங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது அம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாயும், திறந்ததும் நடுவுக்கு வரும். வேலை முடிந்ததும் சாவியை மறக்காமல் அணையுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றுவிட்டால் காயில் சூடாகிக் கெட்டுப்போகும்.

பொறி சரி என்று உறுதியானால் மட்டுமே கார்புரேட்டர். 1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எடையில் சொன்னால் சாதாரணமாகத் தெரிகிறது. கொள்ளளவில் பார்த்தால் 1 லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று! முழுதாக முறுக்கினாலும் ஒரு வெடிப்புக்குப் போகும் பெட்ரோல் 30 மில்லிகிராமைத் தாண்டாது, சுமார் ஒரு சொட்டு. அந்தச் சொட்டை அளந்து விடுவது, குறுகிய வழியில் விரையும் காற்றின் அழுத்தக் குறைவு மட்டும்தான்.

கார்புரேட்டரிலும் ‘எப்போது’ என்பதுதான் வழிகாட்டி. ஆக்ஸிலேட்டர் பிடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று கோடு போடுங்கள். மூடிய நிலையிலிருந்து அரைக்கால்வரை பைலட் ஜெட்டின் ஆட்சி. கால்வரை ஸ்லைடின் அடியிலுள்ள வெட்டு. கால் முதல் முக்கால்வரை ஊசி. அதற்கு மேல் மெயின் ஜெட். எந்தக் கோட்டில் திணறுகிறதோ அந்த உறுப்பைப் பாருங்கள், மற்றதைத் தொடாதீர்கள். நின்ற நிலையில் மட்டும் எஞ்சின் ஏறி இறங்கினால், ஜெட்டைக் குறை சொல்லும் முன் கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் இணைப்பில் சில சொட்டு எண்ணெய் விட்டுப் பாருங்கள். ஓட்டம் மாறினால் அங்கே காற்றுப் புகுகிறது.

பொறியும் கார்புரேட்டரும் தவிரப் பார்க்க வேண்டியவை இன்னும் இரண்டு. டேப்பட்டை எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும்: புஷ்ராட் கம்பி விரலில் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. சில கிலோமீட்டர் ஓடியதும் அணைந்து, டாங்க் மூடியைத் திறந்ததும் உயிர் வந்தால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது, ஊதினால் போதும்.

இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இந்த வண்டிகளுக்குப் புதிய சிக்கல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் இந்தப் பெட்ரோல் 1 கிலோவுக்குச் சுமார் 13.5 கிலோ காற்றே போதும். பழைய ஜெட்டுக்கு இது தெரியாது. பழைய கணக்கிலேயே விடும். கலவையில் பெட்ரோல் குறைந்துபோகும். பிளக்கின் முனை பிஸ்கட் நிறத்துக்குப் பதிலாக வெளுத்திருந்தால், ஊசியின் கிளிப்பை ஒரு படி கீழே மாட்டுங்கள். ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். போதுமான தண்ணீர் சேர்ந்துவிட்டால் எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும், அதாவது எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும் வாயிலேயே. மழைக்காலம் முழுக்க நின்ற வண்டி உதைக்க உதைக்க எடுக்கவில்லையென்றால் ஃப்ளோட் அறையில் உள்ளதைக் கண்ணாடிப் பாட்டிலில் இறக்கிப் பாருங்கள். இரண்டு அடுக்காகத் தெரிந்தால் டாங்கையே காலி செய்ய வேண்டும். மாதக்கணக்கில் நிறுத்தப் போவதாக இருந்தால், பெட்ரோல் குழாயை மூடிவிட்டு எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிடுவது, அந்த அறையாவது வறண்டிருக்க உதவும்.