அந்தமானில் திருட்டுப் படங்கள்: சட்டம் மட்டும் கடல் கடந்தால் போதுமா?

புது தில்லி: திரைப்படத் திருட்டைத் தடுக்க நாடாளுமன்றம் 2023-இல் நிறைவேற்றிய திருத்தச் சட்டம், அந்தமான் நிகோபார் தீவுகளைப் பொருத்தவரை கூடுதல் முக்கியத்துவம் உடையது. சட்டப்பேரவை இல்லாத அந்த யூனியன் பிரதேசத்துக்கு நாடாளுமன்றமே சட்டமியற்றும் மன்றம். அங்கு தீவுகளின் குரலாக இருப்பவர் ஒரே ஒரு மக்களவை உறுப்பினர்.

தமிழகத்தின் நிலை வேறு. 2004-இல் குண்டர் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, திருட்டு வி.சி.டி. தொழிலில் ஈடுபடுவோரையும் அதன் வரம்புக்குள் மாநில அரசு கொண்டுவந்தது. விசாரணையின்றி ஓராண்டு வரை காவலில் வைக்க வகைசெய்யும் அச் சட்டம் வங்கக் கடலைத் தாண்டிச் செல்லாது. படங்களுக்கு அத்தகைய எல்லை இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளில் வசிப்போரில் சுமார் 15 சதவீதத்தினரின் தாய்மொழி தமிழ். சென்னையில் வெளியாகும் படத்துக்கு அங்கும் ரசிகர்கள் உண்டு. திரையரங்கோ எல்லாத் தீவுகளையும் எட்டியதில்லை.

கேபிள் தந்த மாற்றம்

செயற்கைக்கோளை நம்பியிருந்த காலத்தில் முழுப் படம் ஒன்றை இணையத்தில் பதிவிறக்குவது பெரும்பாடு. சென்னையையும் தீவுகளையும் இணைக்கும் கடலடி கேபிள் திட்டத்துக்கு 2018 டிசம்பர் 30-இல் அடிக்கல் நாட்டிய பிரதமர் மோடி, 2020 ஆகஸ்ட் 10-இல் அதைத் தொடங்கி வைத்தார். ரூ. 1,224 கோடி செலவில் சுமார் 2,300 கி.மீ. நீளத்துக்குப் பதிக்கப்பட்ட இந்தக் கேபிள், போர்ட் பிளேருடன் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) மேலும் ஏழு தீவுகளை இணைத்தது. கட்டணம் செலுத்திப் பார்க்கும் படமும் திருட்டுப் படமும் இன்று ஒரே கேபிள் வழியேதான் வருகின்றன.

மூடினாலும் முளைக்கும் தளங்கள்

"2.0' படம் 2018-இல் வெளியாவதற்கு முன்பே, 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இணையதளங்களை முடக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. முடக்கப்பட்ட தளம் வேறு முகவரியில் மீண்டும் தோன்றுவதால், புதிய முகவரிகளுக்கும் தடையை நீட்டிக்க வழிவகுக்கும் உத்தரவை 2019-இல் தில்லி உயர் நீதிமன்றம் பிறப்பித்தது.

2019-இல் கொண்டுவரப்பட்ட மசோதா நிலைக்குழுவின் ஆய்வுக்குச் சென்றது. பின்னர் விரிவுபடுத்தப்பட்ட புதிய மசோதா, 2023 ஜூலையில் இரு அவைகளிலும் நிறைவேறியது. திரைத்துறைக்கு ஆண்டுதோறும் ரூ. 20 ஆயிரம் கோடி இழப்பு ஏற்படுவதாக மத்திய அரசு அப்போது தெரிவித்தது. திரையரங்கில் படத்தைப் பதிவு செய்வோருக்கும், திருட்டுப் பிரதியை லாப நோக்கில் பொதுமக்களுக்குத் திரையிடுவோருக்கும் மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, குறைந்தபட்சம் ரூ. 3 லட்சம், அதிகபட்சம் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் அபராதம்.

அதே ஆண்டு நவம்பரில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் புகார்களைப் பெறும் அதிகாரிகளை நியமித்தது. அவர்களது உத்தரவு கிடைத்த 48 மணி நேரத்துக்குள் திருட்டுப் படத்தை நீக்க வேண்டும். உரிமையாளர் மட்டுமன்றி, பிறரும் புகார் அளிக்கலாம்.

தீவுகளின் சிக்கல்

எனினும், திருட்டுப் பிரதி தீவில் உருவாக வேண்டியதில்லை. எங்கோ பதிவான படம் அங்கு வந்து சேருகிறது. தணிக்கை வாரியத்தின் மண்டல அலுவலகமும் தீவுகளில் இல்லை. சென்னை, கொல்கத்தா போன்ற நகரங்களில்தான் அவை உள்ளன. சிறிய சந்தையில் ஏற்படும் இழப்புக்காகத் தயாரிப்பாளர்கள் அங்கு வழக்குத் தொடுக்க முன்வருவதும் எளிதல்ல.

எனவே தண்டனையை மட்டும் நம்பிப் பயனில்லை. நியாயமான கட்டணத்தில், உரிய நேரத்தில் படம் பார்க்கும் வாய்ப்பு தொலைதூரத் தீவுகளுக்கும் கிடைத்தால்தான் திருட்டுப் படத்துக்கான தேவை குறையும். அதற்கான திட்டம் என்ன என்று அரசிடம் கேட்கும் பொறுப்பு, சட்டத்தை நிறைவேற்றிய நாடாளுமன்றத்துக்கே உண்டு.