துளி சிறுத்தால் புகை குறையும்

வெள்ளவத்தையிலே காலி வீதி ஓரத்திற் பஸ்ஸுக்காகக் காத்து நிற்போரும், கொட்டாஞ்சேனையின் நெருக்கமான வீதிகளிற் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகளும் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. நின்ற பஸ் புறப்படும்போது பின்புறத்திலிருந்து கரும்புகை திரண்டெழுகின்றது. மூக்கைப் பொத்திக்கொண்டு நாம் அப்பால் நகர்ந்து விடுகின்றோம். அப்புகை எவ்வாறு பிறக்கின்றது?

திரவமாயிருக்கும் எண்ணெய் எரிவதில்லை. அதன் ஆவியே எரிகின்றது. மண்ணெண்ணெய் விளக்கின் திரி, எண்ணெயைச் சிறிது சிறிதாக மேலேற்றிச் சுடரின் வெப்பத்தில் ஆவியாக விடுகின்றது. டீசல் எஞ்சினுக்கோ திரியுமில்லை, தீப்பொறியுமில்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சுடுவதை நாம் அறிவோம் அன்றோ? அதுபோல, எஞ்சினுள் வளியானது தன் கனவளவிற் பதினைந்தில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்னும் அளவுக்கு அமுக்கப்படுகின்றது. வெப்பநிலை 500 பாகை செல்சியசுக்கு மேல் உயர்கின்றது. சுழன்று வீசும் அவ்வெப்ப வளியினுள் எண்ணெய் நுண்துளைகளின் வழியே பீய்ச்சப்பட்டுத் துளிகளாகச் சிதறுகின்றது.

துளி ஆவியாவதற்குக் கிடைக்கும் நேரமோ மிகச் சொற்பம். நிமிடத்துக்கு 1500 முறை சுழலும் எஞ்சின், ஒரு செக்கனில் 25 சுற்றுச் சுழல்கின்றது. ஒரு சுற்றின் சிறு பகுதிக்குள் துளி ஆவியாகி, வளியோடு கலந்து, எரிந்து முடிய வேண்டும்.

இங்கேதான் துளியின் பருமன் முக்கியமாகின்றது. 1953ஆம் ஆண்டிலே கோட்சேவ், ஸ்போல்டிங் ஆகியோர் எரியும் துளிகளைப் பற்றிய தம் ஆய்வுகளை வெளியிட்டனர். விட்டம் இருமடங்கானால் துளியிலுள்ள எண்ணெய் எட்டு மடங்காகும். ஆனால் மேற்பரப்பு நான்கு மடங்கே. அதனைச் சூழும் ஆவிப்போர்வையும் தடிப்பதால், உட்செல்லும் வெப்பம் இருமடங்குதான். ஆகவே அது மறைவதற்கு நான்கு மடங்கு நேரம் வேண்டும்! வீசும் வளி அப்போர்வையை மெலிதாக்கி ஆவியாதலை விரைவுபடுத்துகின்றது. கொடியிலிட்ட ஈரத்துணி காற்றடிக்கும் நாளில் விரைந்து உலர்வதும் இதனாலேயே.

எண்ணெய் பீய்ச்சும் துளைகள் தேய்ந்தால் துளிகள் பருக்கின்றன. வளிவடி அடைபட்டால் ஒட்சிசன் குறைகின்றது. இரண்டாலும் எண்ணெய் முற்றாக எரியாது கரித்தூளாய் வெளியேறுகின்றது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2012இல் அறிவித்தது. 2022இலே டீசலுக்காக நீண்ட வரிசைகளில் நம்மவர் காத்துக் கிடந்ததும் மறக்கற்பாலதன்று. கரும்புகையாய்ப் போவது அத்தகைய எண்ணெயே.

இலங்கையில் 2008 முதல் வாகனப் புகைப் பரிசோதனை நடைபெற்று வருகின்றது. ஆயினும் பரிசோதனை நாளொன்றில் மட்டும் எஞ்சினைச் சீராக வைத்திருத்தல் போதாது. வேன், லொறி வைத்திருப்போர், புகை கறுக்கும்போதே எண்ணெய் பீய்ச்சும் கருவியையும் வளிவடியையும் சோதிப்பித்தல் நன்று.

மாணவர்கள் இவ்வுண்மையை வீட்டிலேயே காணலாம். பீங்கான் தட்டொன்றிற் சிறியதும் பெரியதுமான இரு நீர்த்துளிகளை இட்டு, மின்விசிறியின் கீழ் வைத்து நேரம் குறியுங்கள். நீரையன்றி எண்ணெயைக் கொண்டு இதனைச் செய்தலாகாது. துளிகளின் அகலத்தையும் அவை மறையும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால், தெருவிற் காணும் புகையின் காரணம் தெளிவாகும்.