பிரித்துக் கோத்த வீடுகள்

சென்ற ஆண்டு எங்கள் பள்ளிக்கு அருகில் பழைய தொட்டிக்கட்டு வீடு ஒன்றை இடித்தார்கள். அந்த இடத்தில் பனியன் கம்பெனிக்குக் குடோன் வருவதாகச் சொன்னார்கள். தூண்களையும் நிலைக்கதவையும் லாரியில் ஏற்றுவதை மாணவர்கள் சுற்றுச்சுவர் ஓரமாக நின்று பார்த்தார்கள்.

"இதெல்லாம் எங்கீங் சார் கொண்டு போறாங்க?" என்று ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். பழைய மரம் வாங்குபவர்களுக்கு என்றேன். "மறுபடியும் இதே வூட்டக் கட்டுவாங்களாங் சார்?" என்றாள்.

அவள் கேட்டதை உண்மையாகவே செய்து காட்டிய இடம் ஒன்று நம் மாநிலத்தில் இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா. சென்னை கைவினை அறக்கட்டளை உருவாக்கிய இந்த வளாகம் 1996 டிசம்பரில் திறக்கப்பட்டது. இடிக்கப்படவிருந்த வீடுகளை விலைக்கு வாங்கி, பகுதி பகுதியாகப் பிரித்து, அந்தந்த வட்டாரக் கைவினைஞர்களைக் கொண்டே இங்கு மீண்டும் எழுப்பினார்கள். செட்டிநாட்டு வணிகர் வீடு, அக்கிரகார வீடு, நெசவாளர் வீடு, கேரளத்தின் மரவீடுகள் ஆகியவற்றை ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

ஒரு வீட்டைப் பிரித்து மீண்டும் கோக்க முடிவது எப்படி? இதை வகுப்பில் விளக்குவது எளிது. மண்சுவரைப் பிரித்தால் மண்தான் மிஞ்சும். மரச்சட்டம் அப்படியல்ல. ஒரு சட்டத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, மற்றொன்றின் துளையில் பொருத்துவது தச்சர் முறை. பொருத்தியதைக் கழற்றலாம். ஒவ்வொரு துண்டிலும் எண் குறித்து வைத்தால், வேறிடத்தில் அதே வரிசையில் சேர்க்கலாம். கேரளத்துப் பழைய வீடுகள் சிலவற்றில் சுவர்கூடப் பலகையாக இருப்பதால் அவற்றை இடம் மாற்றுவது இன்னும் எளிது.

இந்த வழிக்கு முன்னோடி சுவீடன். 1891இல் ஸ்டாக்ஹோமில் ஆர்தர் ஹசேலியஸ் தொடங்கிய ஸ்கான்சென், நாட்டின் பல பகுதிகளிலிருந்து வீடுகளைக் கொண்டுவந்து அமைத்த திறந்தவெளி அருங்காட்சியகம்.

ஜப்பானின் ஷிரகாவா-கோ வேறு வழியில் சென்றது. அங்கு ஊரையே அப்படியே காத்தார்கள். விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று ஊர்மக்களே முடிவு செய்தார்கள். 1995இல் அது யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. பனி வழிந்து விழுவதற்காகச் செங்குத்தாக வேய்ந்த கூரைக்குக் கீழே, மேல்தளங்களில் பட்டுப்புழு வளர்த்தார்கள். வீடே தொழிற்கூடமாக இருந்தது. தறி ஓடிய வீடுகளை அறிந்த நம் பகுதிப் பிள்ளைகளுக்கு இது உடனே புரிந்தது.

இரண்டில் எது சரி என்று வகுப்பில் விவாதம் வைத்தேன். நகர்த்திய வீடு பிழைத்துக்கொள்கிறது. ஆனால் அதன் தெருவும் அண்டைவீடும் உடன் வருவதில்லை. ஊரிலேயே காத்தால் எல்லாம் இருக்கும். ஆனால் அங்கே வாழ்பவர்களுக்கு அது கட்டுப்படியாக வேண்டும். "கூரை ஒழுகினா யார் காசு குடுப்பாங்க?" என்று ஒரு மாணவன் கேட்டதும் விவாதம் சூடுபிடித்தது.

முட்டுக்காடு நமக்குத் தொலைவு. எனவே அவிநாசியைச் சுற்றி எஞ்சியுள்ள வீடுகளையே பாடமாக்கினோம். உரிமையாளரின் அனுமதியோடு குழுக்களாகச் சென்று திண்ணை, ஆசாரம், தொட்டி ஆகியவற்றை அளந்தோம். வகுப்பில் அளவுத்திட்டத்தின்படி தரைப்படம் வரைந்தோம், அது கணக்கு. தொட்டி வழியே காற்றும் வெளிச்சமும் வருவதைக் கவனித்தோம், அது அறிவியல். விட்டம், உத்திரம், போதிகை, கைமரம் என்று தாத்தா பாட்டிகளிடம் கேட்டுச் சொற்பட்டியல் எழுதினோம், அது தமிழ்.

எல்லா வீட்டையும் காப்பாற்ற நம்மால் முடியாது. இடிந்த வீட்டுக்கு எங்களிடம் ஒரு படம்கூட இல்லை. அடுத்த தெருவில் நிற்கும் வீட்டுக்கு இப்போது தரைப்படமும் முப்பத்தாறு சொற்களும் இருக்கின்றன. உங்கள் பள்ளியைச் சுற்றி நிற்கும் வீடுகளுக்கும் இந்தப் பருவத்திலேயே இதைச் செய்யலாம், லாரி வருவதற்குள்.