பஸ் கிளாம்பாக்கத்துல... உங்க லேப்டாப் இன்னும் கோயம்பேட்டுலயா?

2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. அதற்குப் பிறகும், செங்கல்பட்டு வழியாகத் தெற்கே போகும் பஸ்ஸுக்காகப் பெட்டியோடு கோயம்பேட்டில் போய் நின்றவர்கள் உண்டு. வழி மறந்ததால் இல்லை. பழைய வழி நல்லா ஞாபகம் இருந்ததால்!

மாமல்லபுரத்தில் ஹோம்ஸ்டே நடத்தும் என் தோழிக்கும் இதேதான் நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை வெப்சைட்டை வேறு சர்வருக்கு மாற்றினார். அன்று இரவு போனில் வந்த புக்கிங்கைத் தன் உபுண்டு லேப்டாப்பில் பதிவுசெய்தார். அது பழைய சர்வரில் போய் உட்கார்ந்துகொண்டது. புது சர்வரோ 'ரூம் காலி' என்று காட்ட, அதே ரூமை இன்னொரு குடும்பமும் எடுத்துவிட்டது.

நாம் டைப் செய்வது பெயர். கம்ப்யூட்டருக்கு வேண்டியது ஐ.பி முகவரி. அதைக் கண்டுபிடித்துச் சொல்வது டி.என்.எஸ். ஒவ்வொரு முறையும் கேட்டால் தாமதமாகும் என்பதால், வந்த பதிலைக் கொஞ்ச நேரம் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். அதுதான் கேச். எவ்வளவு நேரம் வைக்கலாம் என்பது பதிலோடு வரும். டி.டி.எல் என்று பெயர், விநாடிக் கணக்கு. 300 என்றால் ஐந்து நிமிஷம், 86,400 என்றால் முழுசா ஒரு நாள். தோழியின் தளத்தில் இருந்தது 86,400.

லினக்ஸில் தலைவலியே, இந்தக் கேச் எங்கே இருக்கு என்பதுதான். பெயர் தேடும் அடிப்படை லைப்ரரியான ஜி-லிப்சி எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. உபுண்டுவில் அந்த வேலை சிஸ்டம்டி-ரிசால்வ்ட் என்ற சர்வீஸுக்கு. 127.0.0.53 என்ற முகவரியில் லேப்டாப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். வேறு சில லினக்ஸ்களில் என்.எஸ்.சி.டி இருக்கும். இப்படி எந்த சர்வீஸும் இல்லையென்றால், ஒவ்வொரு தடவையும் வெளியே கேட்கப் போகும். இது போக பிரவுசர் தனியாக ஒரு கேச் வைத்திருக்கும்.

டெர்மினலில் 'ரிசால்வ்சி.டி.எல் ஃப்ளஷ்-கேச்சஸ்' என்று கொடுத்தால் உபுண்டுவின் கேச் காலியாகும். தோழியும் கொடுத்தார், பிரவுசரையும் மூடித் திறந்தார். அப்பவும் பழைய பக்கமே! காரணம், லேப்டாப் மறந்துவிட்டு பிராட்பேண்ட் நிறுவனத்தின் சர்வரிடம் கேட்க, அதுவும் பழைய பதிலையே கையில் வைத்திருந்தது. நீங்க மறந்தாலும் ஆட்டோக்காரர் 'கோயம்பேடுதானே?' என்று கிளம்பினால் என்ன பண்றது? மொபைல் டேட்டாவில் இருந்த போனில் மட்டும் புதுப் பக்கம் வந்தது.

சர்வரை மாற்றுவதாக இருந்தால், பழைய டி.டி.எல் எவ்வளவோ அவ்வளவு நேரம் முன்பே, இங்கே ஒரு நாள் முன்பே, அதை 300 ஆகக் குறைத்துவிடுங்கள். பழைய சர்வரில் புக்கிங்கையும் நிறுத்திவையுங்கள்.

இரண்டாவது குடும்பத்துக்குத் தோழி தன் பெட்ரூமைக் கொடுத்துவிட்டு, அன்றிரவு ஹாலில் படுத்துக்கொண்டார்.