ஆஸ்பத்திரிக்குப் போகும் நாயும் தோட்டம் காக்கும் நாயும்

ஹாங்காங்கில் 1991-ம் வருஷம் ஜில் ராபின்ஸன் என்னும் மாது தம் நாயை ஆஸ்பத்திரிக் குழந்தைகளிடம் அழைத்துச் சென்றார். சென்னை புளூ கிராஸ் சங்கமும் பிற்பாடு அம்முறையைக் கைக்கொண்டது. திண்டுக்கல் தோட்டங்களைக் காக்கும் நம் இராஜபாளையம் நாய் இத்தொண்டுக்கு உதவுமா? எஜமானரையன்றி எவரையும் எளிதில் நம்பாத ஜாதி அது. அனுப்ப எனக்குத் துணிவில்லை.

காவலுக்கோ அதற்கு நிகரில்லை. 2005-ல் தபால் தலையிலும் ஏறியது. ஆனால் மேனி வெள்ளையாகவே இருக்கவேண்டும் என்னும் பிடிவாதத்தால், வளர்ப்போர் பலர் நிறக் குட்டிகளைப் பிறந்தவுடன் கொன்று வந்தனர். பலன்? உட்செவியிலும் நிறமி குன்றிச் செவிட்டுக் குட்டிகள் பிறக்கலாயின. கூப்பிடும் குரல் கேளாத காவலன் எதற்கு?

குட்டி வாங்கும் அன்பர்கள் அதன் முதுகுப்புறம் நின்று ஒருமுறை கைதட்டிப் பார்க்கட்டும். நிறத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.